விமானம் பார்ப்பவனின் கணக்கு

விமானங்களைப் படம் பிடிப்பது எனது பொழுதுபோக்கு. இருபது வருடங்களுக்கு மேலாகிறது. இதைப் புத்தளத்தில் ஒருவரிடம் சொன்னால் முதலில் சிரிப்பார், பிறகு, "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பார். கலியாண வீட்டில் படம் எடுத்தால் காசு கிடைக்கும். பத்திரிகைக்கு எடுத்தால் பெயராவது கிடைக்கும். விமானத்தை எடுத்தால் பஸ் செலவும் வெயிலும்தான். விடியற்புறம் பஸ் ஏறி, சிலாபம் தாண்டி நீர்கொழும்பில் இறங்கி, கட்டுநாயக்க ஓடுபாதையின் களப்புப் பக்க அந்தத்தில் பகல் முழுவதும் நின்று, வந்துபோகும் விமானங்களின் பதிவெண்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு இரவில் வீடு திரும்புகிற ஒருவனை எந்த வகையில் சேர்ப்பது என்று எமது சமூகம் தடுமாறுவது நியாயமே.

எனது நண்பர் ஒருவர் மௌலவி. இலக்கிய ருசி உள்ளவர், கடும்போக்கு இல்லாதவர். அவர் ஒருமுறை சொன்னார்: "இதில பாவம் ஒண்டும் இல்ல. நன்மையும் இல்ல. வீண், அவ்வளவுதான்." சண்டைக்காகச் சொல்லவில்லை, தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார். ஆனால் அந்த 'வீண்' என்ற சொல் என்னோடு வெகுநாள் வந்தது. வீணான ஒன்று குற்றமற்றதாக இருக்க முடியுமா? யாருக்கும் கெடுதி செய்யாமல், எதையும் விசாரிக்காமல், கண்ணுக்கு அழகான ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவன் கணக்கில் எந்தப் பக்கம் வருவான்?

இந்தப் பழக்கம் எனக்குக் கெமராவால் வந்ததல்ல. காதால் வந்தது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவன் நான். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கோட்டை முற்றுகையில் இருந்தது. எமது தெருவுக்கும் கோட்டைக்கும் அதிக தூரமில்லை. விமானங்கள் வராத நாள் அரிது. சனங்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பொதுவாக எல்லாமே 'பொம்மர்'. பாரமாக உருண்டு வருகிற அவ்ரோ ரகத்துக்குச் 'சகடை' என்று பெயர். அது பீப்பாக் குண்டைத் தள்ளிவிடும். சியாமாசெட்டி சிறியது, குத்திட்டுக் கீழே இறங்கும். சத்தத்தை வைத்தே எது வருகிறது, பங்கருக்குள் ஓட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சிறுவர்கள் நாங்கள் கணக்குச் சொல்வோம். பெரியவர்கள் எங்களைக் கேட்டுத்தான் ஓடினார்கள்.

இனிச் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பின்னேரம் சியாமாசெட்டி ஒன்று மேற்குப் பக்கமாகச் சரிந்து, வயிற்றைக் காட்டி மறுபடி நிமிர்ந்தது. அப்போது அதன் இறகில் வெயில் பட்டுத் தெறித்தது. நான் வாயைத் திறந்தபடி முற்றத்தில் நின்றேன். பயத்தில் அல்ல. உம்மா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அது எங்கே போட்டது, யாருடைய வீடு போனது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு முதலில் தெரிந்தது அதன் அழகுதான். அந்த வரிசை இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி ஜின்னா மைதானத்தில் எமக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள், இன்னும் சொல்வார்கள். தில்லையடியில் ஓலைக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்த பிறகு எனக்குப் புதிதாக இருந்தது வானம்தான். அதில் ஒன்றுமே இல்லை. முதல் மாதங்களில் சத்தத்தைத் தேடி நித்திரையில் எழும்புவேன். உப்பளத்து வரம்பில் நின்று பார்த்தால், எங்கோ மிக உயரத்தில் ஒரு வெள்ளைக்கோடு சத்தமில்லாமல் போகும். அது என்ன ரகம் என்று தெரியாதது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

புத்தளத்துக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு பழையது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியக் கடற்படை இங்கே ஒரு விமானத்தளம் வைத்திருந்தது. 'ராஜாளிய' என்பது அதன் பெயர், நமது ராஜாளிதான். பாலாவியில் இன்று விமானப்படை இருக்கும் இடம் அது. அந்தக் காலத்துப் படம் ஒன்று இருக்கிறது: கோர்செயார் என்ற போர்விமானத்தை ஒரு யானை கட்டி இழுக்கிறது. விமான ஆர்வலர்களுக்கு அது விருப்பமான படம். விமானத்தின் ரகமும் இயந்திரமும் பற்றிப் பக்கம் பக்கமாக வாசிக்கலாம். யானையைச் செலுத்திய பாகனின் பெயரை நான் எங்கும் கண்டதில்லை. பல வருடங்களாக அதைத் தேட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்தது. கொழும்பில் பழைய பென்டக்ஸ் கெமரா ஒன்றை வாங்கினேன். இந்தத் தொழிலுக்கு (தொழில் என்று சொல்லலாமோ தெரியவில்லை) சில ஒழுங்குகள் உண்டு. மதிய வேளையில் எடுக்கக்கூடாது. ஓடுபாதையிலிருந்து எழும்பும் வெக்கை படத்தை நெளிய வைத்துவிடும். காலையும் பின்னேரமும்தான் வெளிச்சம் பக்கவாட்டில் விழும். சுழல்விசிறி உள்ள விமானத்தை மிக வேகமாக எடுத்தால் விசிறி அசையாமல் நின்று, விமானம் வானத்தில் ஆணி அடித்ததுபோல் தெரியும். ஆகவே வேகத்தைக் குறைத்து, விமானத்தோடு சேர்ந்து இடுப்பைத் திருப்ப வேண்டும். இறகு நுனி வெட்டுப்படக்கூடாது. பதிவெண் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இலங்கை விமானமென்றால் அது 4ஆர் என்று தொடங்கும். திகதி, நேரம், ரகம், எண். இவை கொப்பியில் ஏறாவிட்டால் படம் எவ்வளவு வடிவாக வந்தாலும் எமது ஆட்கள் அதைப் படமாக மதிக்கமாட்டார்கள்.

வேலியோரம் நிற்கையில் சீருடைக்காரர் ஒருவர் ஒருமுறை பிடித்தார். அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். விமானத்தின் நம்பர் உனக்கு எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. சும்மா என்றேன். அந்தப் பதில் அவரை இன்னும் கோபப்படுத்தியது. பிலிம் சுருளை வெளியே இழுத்து வெயிலில் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. 2001 ஜூலை 24ஆம் திகதி அதிகாலைத் தாக்குதலில் விமானப்படையினதும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸினதும் பல விமானங்கள் அதே இடத்தில் எரிந்துபோய் இரண்டு வருடங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கிரேக்கத்துக் கதையை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆறுதலும் வந்தது. 2001 நவம்பரில் கலமாட்டா என்ற இடத்திலுள்ள விமானப்படைத் தளத்தில் பன்னிரண்டு பிரித்தானியரையும் இரண்டு ஒல்லாந்தரையும் கைதுசெய்தார்கள். எல்லோரும் என்னைப்போல விமானம் பார்ப்பவர்கள். உளவு பார்த்ததாக வழக்கு. ஐந்து வாரங்களுக்கு மேல் சிறை. 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்று வருடத் தண்டனையும் மற்றவர்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட ஒரு வருடத் தண்டனையும் விதித்தார்கள். அதே வருடம் நவம்பரில் மேன்முறையீட்டில் எல்லோரும் விடுதலையானார்கள். ஒரு பிரயோசனமும் இல்லாமல் ஒரு மனிதன் இலக்கங்களைச் சேகரிப்பான் என்பதை நம்ப அந்த முதல் நீதிமன்றத்துக்கு முடியவில்லை. என்னைப் பிடித்தவருக்கும் முடியவில்லை. மௌலவி நண்பருக்கு மட்டும்தான் முடிந்தது என்று நினைக்கிறேன். அதனால்தான் அவர் 'வீண்' என்றார்.

வீணானது என்பதால் குற்றமற்றது. இதுவே எங்களுடைய வழமையான வாதம். நானும் வெகுகாலம் அதற்குள் ஒளிந்திருந்தேன். அதைக் கலைத்தது மத்தியதரைக்கடல் தீவு ஒன்றில் எடுக்கப்பட்ட படம்.

2004 ஜனவரி 23ஆம் திகதி ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்காத் தீவின் பால்மா விமான நிலையத்தில், எம்மைப்போன்ற ஒருவர் வெள்ளை நிற போயிங் 737 ஒன்றைப் படமெடுத்தார். கம்பனிப் பெயர் எதுவும் அதில் இல்லை. என்313பி என்பது பதிவெண். படத்தை இணையத்தில் ஏற்றினார். அந்த விமானம் அன்றே மசிடோனியாவின் ஸ்கொப்ஜே நகருக்குப் போனது. காலித் அல்-மஸ்ரி என்ற ஜெர்மன் குடியுரிமையாளர் அங்கே ஒரு ஹொட்டல் அறையில் இருபத்து மூன்று நாட்களாக அடைத்து வைக்கப்பட்டிருந்தார். பெயர் ஒற்றுமையால் வேறு யாரோ என்று நினைத்துப் பிடித்திருந்தார்கள். அமெரிக்காவின் சிஐஏ அவரைக் கையேற்று, கண்ணைக் கட்டி, அந்த விமானத்தில் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோனது. நான்கு மாதங்களுக்குப் பிறகு ஆள் மாறிவிட்டது என்று அல்பேனியாவில் ஒரு வீதியோரத்தில் இறக்கிவிட்டார்கள். அவர் சொன்னதை முதலில் யார் நம்பினார்கள்? ஊடகவியலாளர்கள் விமானப் பயணப் பதிவுகளைத் தேடியபோது, இலக்கமும் திகதியும் இடமும் பொருந்திய படம் ஒன்று அங்கே காத்திருந்தது. 2012 டிசம்பர் 13ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறு வருடம் வெளியான ஆய்வறிக்கை ஒன்று, இத்தகைய கடத்தல்களுக்கு ஏதோவொரு வகையில் உடந்தையாக இருந்த 54 நாடுகளைப் பட்டியலிட்டது. இலங்கையின் பெயரும் அதில் இருக்கிறது.

அதை வாசித்த இரவு எனது கொப்பிகளை எடுத்து வைத்துப் புரட்டினேன். சந்தேகமான ஒன்றும் அகப்படவில்லை. நான் தேடியது அதுவல்ல என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கியது. பெயரில்லாத, அலங்காரமில்லாத வெள்ளை விமானம் ஒன்று என் முன்னே இறங்கியிருந்தால் நான் அதை எடுத்திருப்பேனா? பிலிமுக்குக் காசு கொடுத்தவன் நான். மயில் வாலோடு வருகிற எமது விமானத்துக்கும் எமிரேட்ஸுக்கும் காத்திருப்பேன். வெள்ளையை விட்டிருப்பேன்.

மௌலவி நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அந்த மனிதர் நிய்யத் வைத்துச் செய்யவில்லையே, ஆகவே அதில் அவருக்கு என்ன பங்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. அநீதியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்று அவர் வேலியோரம் போகவில்லை. போயிருந்தால் அந்தப் படத்துக்கு இவ்வளவு பெறுமதி வந்திருக்காது என்றும் நான் நினைக்கிறேன். ஒரு பக்கம் சார்ந்து தேடி எடுத்த படத்தைச் சந்தேகிக்கலாம். சும்மா எடுத்தவனைச் சந்தேகிக்க என்ன இருக்கிறது? அவருடைய பங்கு எண்ணத்தில் இருக்கவில்லை, பழக்கத்தில் இருந்தது. கண்முன்னே வந்ததை அழகு பார்த்துத் தள்ளிவிடாமல், வந்தபடியே வாங்கி, திகதியோடு எழுதி வைத்தார். அமானிதப் பொருளை வைத்திருப்பவன் பொட்டணியை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அதிலிருந்து எதையும் எடுப்பதுமில்லை. நண்பர் இந்த உவமையை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. பார்க்கிறவன் எல்லாம் சாட்சி ஆகிவிடுவானா என்றார். எனக்கும் முழுதாகத் தெரியாது. எனக்குள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவன் கொப்பி எழுதுபவன், மற்றவன் முற்றத்தில் வாய் திறந்து நின்றவன் என்பது மட்டும் தெரிந்தது. எனது படங்களைத் தீர்மானித்தவன் பெரும்பாலும் இரண்டாமவன்தான்.

அவன் செய்த வேலை ஒன்றைச் சொல்கிறேன்.

2003இல் எமது ஒழுங்கையில் இருந்த ஒரு பெண் முதல் தடவையாகக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். எங்கள் பக்கத்தில் அது புதுமையல்ல. வேனில் இடமிருந்தால் அயலவரும் ஏறிக்கொள்வார்கள். நான் கெமராவோடு ஏறினேன். அவரை உள்ளே அனுப்பிவிட்டு மற்றவர்கள் வீடு திரும்ப மறுத்தார்கள். விமானம் கிளம்புவதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வேனை வெளிவீதிக்குக் கொண்டுபோய், வேலி தெரிகிற இடத்தில் நிறுத்தினோம். அவருடைய மகனுக்கு ஆறு வயது. யாரோ ஒருவர் தோளில் ஏற்றி வைத்திருந்தார். எதில் உம்மா போகிறார் என்று தெரியாமல் போகிற எல்லா விமானத்துக்கும் அவன் கை காட்டிக்கொண்டிருந்தான். நேரத்தை வைத்து, இதுதான் என்று நான்தான் சொன்னேன். ஏ-340. நான்கு இயந்திரம். பின்னேர வெயில் அதன் அடிவயிற்றில் விழுந்தது. அந்த வருடம் நான் எடுத்த படங்களில் மிகச் சிறந்தது அது.

ஸ்டூடியோவில் பெரிதாக்கக் கொடுத்தபோது, வலது பக்கக் கீழ்மூலையில் வேலியும் ஒரு சிறு கையும் தலையும் விழுந்திருப்பதைக் கண்டேன். அவற்றை வெட்டிவிட்டுத் தரும்படி சொன்னேன். "பொடியனையும் வெட்டவா?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். ஓம் என்றேன். படம் துப்புரவாக வந்தது. ஒரு போட்டிக்கும் அனுப்பினேன். பரிசு கிடைக்கவில்லை.

அந்தப் பெண் பிறகு இன்னும் இரண்டு தடவை போய்வந்தார். இரண்டு அறையுள்ள ஒரு கல்வீடு எழும்பியது. 2020 டிசம்பரில் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் கொவிட்டால் மௌத்தானார். அந்த வருடம் ஏப்ரலில் வந்த வர்த்தமானியின்படி, கொவிட்டால் இறந்தவரை எரிக்க வேண்டும். எரித்தார்கள். பொரளை மயானத்தின் வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டிய மாதம் அது. மகன் கொழும்புக்குப் போய், வாசலில் நின்று, சாம்பலை ஏற்காமல் திரும்பி வந்தான்.

2021 மார்ச் 3ஆம் திகதி முதல் 5ஆம் திகதி வரை காலிமுகத்திடலில் விமான சாகசக் காட்சி நடந்தது. விமானப்படையின் எழுபதாவது ஆண்டு. இந்தியாவிலிருந்து சூர்யகிரண் அணியும் சாரங் ஹெலிகொப்டர்களும் தேஜஸும் வந்திருந்தன. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை. போனேன். சூர்யகிரண் கடலுக்கு மேலே நெருங்கி வந்து, ஒரே கணத்தில் விரிந்து பிரிந்தபோது, பன்னிரண்டு வயதில் திறந்த வாய் மறுபடி திறந்தது. நூற்றுக்கணக்கில் எடுத்தேன். அந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. பெப்ரவரிக் கடைசியில்தான் வர்த்தமானியை மாற்றியிருந்தார்கள். எரிக்கப்பட்டவர்களுக்கு அது பிந்திவிட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அது இன்னும் பிந்தி.

அந்த வாரத்தில் எப்படி மனம் வந்தது என்று சிலர் என்னைக் கேட்டார்கள். போயிருக்கக்கூடாது என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். துக்க காலத்தில் வானம் அழகாக இருப்பதற்கு வானம் பொறுப்பல்ல. ஆனால் வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். அன்று திடலில் எனக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர்கூட எந்தப் படத்திலும் இல்லை. முகக்கவசத்தோடு பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்தவர்கள், காதைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள், ஒருவரும் இல்லை. ஸ்டூடியோக்காரரிடம் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இப்போது இல்லை. எடுக்கும்போதே வெட்டி எடுக்கப் பழகியிருந்தேன்.

ஒரு கிழமை கழித்து அந்தப் பெண்ணின் மகன் வந்தான். இப்போது முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். காலிமுகத்திடலைப் பற்றிக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்துத் தயாரானேன். அவன் அதைப் பேசவில்லை.

"நானா, உம்மா மொத மொத போன அன்டைக்கு நீங்க பிளேனப் படம் எடுத்தீங்கதானே. அது இரிக்கா?"

இருக்கிறது என்றேன்.

"ஒரு கொப்பி தாங்க. கபுர் ஒண்டு இல்லயே, போய் நிண்டு பாக்க."

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படம் அவனுக்கு நேர் பின்னால் இருந்தது. அதைக் காட்ட எனக்குக் கை வரவில்லை. நாளைக்கு வா என்றேன். அன்று இரவு முழுவதும் பிலிம் சுருள்களைத் தேடினேன். 2003 பெட்டியில், ஈரம் பட்டு ஓரம் ஒட்டிப்போன உறையில் இருந்தது. கொழும்புக்கு அனுப்பி முழுப் படத்தையும் அச்சடித்து எடுக்கப் பத்து நாட்கள் ஆயின. அவன் நாலு தரம் வந்து கேட்டுப் போனான். ஏன் தாமதம் என்று நான் சொல்லவில்லை.

படத்தைக் கொடுத்தபோது பின்பக்கத்தில் திகதியும் நேரமும் பதிவெண்ணும் எழுதியிருந்தேன். அவன் அதை வாசிக்கவில்லை. விமானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கீழ்மூலைக்கு விரலைக் கொண்டுபோனான்.

"இது நானா?"

"ஓம்."

"இந்தக் கை யாரிட?"

தோளில் இருந்த அவனுடைய காலை வேறு யாரோ ஒருவர் எட்டிப் பிடித்திருந்தார். மணிக்கட்டு வரைதான் படத்தில் விழுந்திருந்தது. இரண்டு கண்ணாடி வளையல்கள் தெரிந்தன. அது உம்மம்மாவின் கை என்று அவன் சொன்னான். இல்லை, மாமியாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். உம்மம்மாதான் வளையல் போடுவா என்றான். படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தோம்.